அரைத் தலைக்கட்டு

1

ஜூன் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், கதவுக்குப் பின்னால் ஒரு பழுப்பு உறை விழுந்து கிடந்தது. இந்த இங்கிலாந்தில் இருபத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு உறையின் நிறமே போதும். வெள்ளை என்றால் யாரோ எதையோ விற்கிறார்கள். பழுப்பு என்றால் வருமான வரி.

காலை வேலை என்றேன். அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு ஆரம்பப் பள்ளிக்கு முன்னால், மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு, நீளக் கம்பில் வட்டப் பலகை பொருத்திய ஒன்றைப் பிடித்தபடி நிற்கிறேன். பிள்ளைகள் வந்ததும் நடுரோட்டுக்குப் போய்ப் பலகையை ஊன்றுவேன். கார்கள் நிற்கும். பிள்ளைகள் கடப்பார்கள். காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம். சம்பளம் நகராட்சி கொடுக்கிறது. 'கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்கணும்' என்று நம் பக்கம் சொல்வார்களே, அதை அறுபத்தேழு வயதில் செய்துகொண்டிருக்கிறேன். கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி வளர்ந்தவன், இங்கே பஸ்ஸையே நிறுத்தி வைக்கிறேன் என்று என் தம்பியிடம் பெருமையடித்துக்கொள்வதுண்டு.

என் மனைவி செல்லம்மாள் போன பிறகுதான் இந்த வேலையில் சேர்ந்தேன். காசுக்காக என்று சொன்னால் பொய். அவள் இல்லாத வீட்டில் மூன்று நாள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் கடைக்காரப் பெண்ணுக்குப் பதில் சொல்லப் போனால் குரல் வரவில்லை. பயந்துபோனேன். தினம் நாற்பது பிள்ளைகளாவது 'குட் மார்னிங்' சொல்கிற இடமாகத் தேடிப் போய்ச் சேர்ந்தேன்.

உறையைப் பிரித்தேன். போன வருடம் நான் கட்ட வேண்டிய வரியில் பாக்கி இருக்கிறது என்று எழுதியிருந்தது.

அதே நாள், நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, ஊரிலிருந்து தம்பி கந்தசாமி கூப்பிட்டான். ஆடி நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, கோயில் வரி எழுதியாகிவிட்டது என்றான். பிறகு ஏதோ சொல்ல வந்து இழுத்தான்.

"என்னடா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணா. அண்ணி போயி ரெண்டு வருசம் ஆச்சுல்லைங்க. போன வருசம் துக்கம்னு விட்டுட்டாங்க. இந்தத் தடவை உங்களை அரைத் தலைக்கட்டுல எழுதீட்டாங்க."

பழுப்புத் தாளைக் கீழே வைத்தேன். அந்தத் தாள் எவ்வளவு கேட்டாலும் கட்டிவிடலாம். இது அப்படி இல்லை.

"நான் வாரேன். முழு வரியும் கட்டறேன்னு சொல்லு" என்றேன்.

2

தலைக்கட்டு என்றால் என்ன என்று மலைக்குக் கீழே கிராமத்தில் இருக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். புருசன் பொண்டாட்டி சேர்ந்து குடித்தனம் நடத்துகிற ஒரு வீடு ஒரு தலைக்கட்டு. கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் எங்கள் ஊர் ஐம்பத்து மூன்று தலைக்கட்டு. மாரியம்மன் நோம்பிக்கு ஆகிற செலவை ஐம்பத்து மூன்றாக வகுத்து, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். மிளகு நாலு மூட்டை எடுக்கிறவனுக்கும் அதே வரி, அவன் காட்டில் மிளகு பறிக்கக் கூலிக்குப் போகிறவனுக்கும் அதே வரி. தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருக்கிறவர் அரைத் தலைக்கட்டு. அரை வரி. ஊர்க்கூட்டத்தில் பேச்சும் அரைதான் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியை நானும் செய்திருக்கிறேன், யாரோ ஒருத்தர் முகத்துக்கு நேராக. இப்போது நினைத்தால் கூசுகிறது.

இதில் முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு தடவை கட்டினால் போதும். 'கட்டியாச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வருடம் முழுக்க யாரும் உங்கள் வாசலுக்கு வர மாட்டார்கள். வரி என்ற சொல்லைக் கேட்டதும் என் மண்டையில் வருவது அதுதான். இருபத்து நான்கு வருட இங்கிலாந்தும் அதை மாற்றவில்லை.

அதனால் வந்த வினையைக் கேளுங்கள். சாலை வேலையில் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். மூன்று வாக்கியங்கள், உங்களுக்குப் பொருந்துகிற ஒன்றில் டிக் போட வேண்டும். முதல் வாக்கியம், இந்த வரி வருடத்தில் இதுதான் எனக்கு முதல் வேலை என்று ஆரம்பித்து, பென்ஷன் எதுவும் வாங்கவில்லை என்று முடியும். மூன்றாவது வாக்கியம், எனக்கு வேறு வேலையோ பென்ஷனோ இருக்கிறது என்பது. நான் முதல் வாக்கியத்தில் பாதியைப் படித்தேன். முதல் வேலைதானே என்று டிக் போட்டுவிட்டேன். பென்ஷன் என்ற சொல் கண்ணில் படாமல் இல்லை. பென்ஷனில்தான் மாதாமாதம் வரி பிடிக்கிறார்களே, எங்கள் வீட்டு வரி கட்டியாச்சே, இதில் எதற்கு அதைப் போய்ச் சொல்வது என்று தள்ளிவிட்டேன். ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு தரம் வரி கட்டுவார்களா என்றுதான் நினைத்தேன்.

இங்கே கணக்கு வேறு. ஆளுக்கு வருடத்துக்கு ஓர் அளவு வரை வருமானத்துக்கு வரி கிடையாது. அந்தச் சலுகை ஆளுக்கு ஒன்று. பென்ஷனுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இல்லை. எனக்கு மூன்று வழியில் பணம் வருகிறது: அரசாங்கத்தின் முதியோர் பென்ஷன், மருத்துவமனைப் பென்ஷன், இந்தச் சாலைச் சம்பளம். மூன்றையும் ஒரே பானையில் கொட்டி, அளவுக்கு மேல் வழிவதற்கு வரி. முதியோர் பென்ஷனில் யாரும் வரி பிடிப்பதில்லை, முழுசாகக் கைக்கு வரும். அதனால் அதற்கு வரியே இல்லை என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. சலுகையில் பெரும்பங்கை முதலில் அதுதான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் மருத்துவமனைப் பென்ஷனுக்குப் போகும். சம்பளத்தின் முறை வரும்போது சலுகையில் ஒன்றும் மீதி இருக்காது. அதில் முதல் காசிலிருந்தே வரி பிடிக்க வேண்டும். நான் போட்ட டிக்கைப் பார்த்துச் சம்பளக் குமாஸ்தா, இவருக்குச் சலுகை முழுசாக இருக்கிறது என்று நம்பி, ஒரு காசும் பிடிக்காமல் கொடுத்துவிட்டார். வருடம் முடிந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே ஆள் இரண்டு சலுகை வாங்கியிருப்பது தெரிந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கப் போகிற நம் ஊர் வாத்தியார்களுக்கும் இதே கதைதான். பென்ஷனையும் சம்பளத்தையும் தனித்தனிப் பையில் வைத்துக்கொள்ளலாம். வரிக்காரர் இரண்டு பைக்குள்ளும் ஒரே நேரத்தில்தான் கையை விடுவார்.

3

வரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஐம்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். இளம் குரல். வட இங்கிலாந்துப் பேச்சு, பாதி எழுத்தை விழுங்கிவிடுகிற பேச்சு. நான் படபடத்துப்போய், "எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டேன். வீட்டு வரி நகராட்சி பார்ப்பது, நாங்கள் இல்லை என்றாள் பொறுமையாக. இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாஷையில் நோயாளிகளுக்கு மருந்து சொல்லிக் கொடுத்தவன், இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியாமல் விழித்தேன். மனசுக்குள் தமிழில் இருக்கிற தப்பை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கடைசியில், தப்பான இடத்தில் டிக் போட்டுவிட்டேன், நான் ஏமாற்றுக்காரன் இல்லை என்றேன். 

"உங்களை அப்படி யாரும் நினைக்கவில்லை. இது நிறையப் பேர் செய்கிற தவறுதான்" என்றாள். நிறையப் பேர் செய்யலாம். நான் செய்த காரணத்துக்காக வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பாக்கியை ஒரே தடவையில் கேட்க மாட்டார்களாம். அடுத்த வருடம் என் பணத்தில் மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்களாம். சாலைச் சம்பளத்தில் இனி முதல் காசிலிருந்தே வரி பிடிப்பார்களாம். பிறகு என் விவரங்களைச் சரிபார்த்தாள். முகவரி, பிறந்த தேதி, மருத்துவமனையில் சேர்ந்த வருடம், நான் மறந்தே போயிருந்த ஒரு பழைய வாடகை வீடு. "உங்கள் மனைவி காலமான தேதியும் எங்களிடம் இருக்கிறது. வருந்துகிறேன்" என்றாள்.

போனை வைத்தேன். அவளுக்கு நான் யாரோ. ஆனால் அவர்கள் ஏட்டில் நான் முழுசாக இருக்கிறேன், செல்லம்மாளும் இருக்கிறாள். என் ஊர் ஏட்டில் நான் பாதியாகிவிட்டேன்.

4

என் மகன் குமரன் தெற்கே, ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டபோது கடிதத்தைக் காட்டினேன்.

"அப்பா, அலவன்ஸ் ஒண்ணுதான். நீங்க ரெண்டு தடவை யூஸ் பண்ணிட்டீங்க" என்றான். ஒரு நிமிடத்தில் கணக்கையும் போட்டுச் சொன்னான். கெட்டிக்காரன். பிறகு, "இனிமே அஞ்சுல ஒரு பங்கு போயிடும். மழையில நின்னு எதுக்கு இதெல்லாம்? விட்டுடுங்க அப்பா" என்றான்.

அஞ்சில் ஒரு பங்கு போனாலும் நாலு பங்கு இருக்கிறது, நாற்பது குட் மார்னிங்கும் இருக்கிறது. அதை அவனிடம் சொல்லவில்லை. தலைக்கட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா போனதால் என்னைப் பாதியாக்கிவிட்டார்கள் என்றேன். எனக்குப் பிறகு அது உன் பேருக்கு வர வேண்டும் என்றும் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டான்.

"அது சப்ஸ்கிரிப்ஷன் மாதிரியா அப்பா? ஆன்லைன்ல கட்டலாம்னா நான் செட் பண்ணிடறேன். நீங்க போகவே வேண்டாம்."

கிண்டல் இல்லை. என் சிரமத்தைக் குறைக்கப் பார்த்தான். ஐந்து வயதில் அவனை நான்தான் விமானத்தில் ஏற்றிக் கூட்டி வந்தேன். அவனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? 

5

பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்பினேன். முழு வரியையும் கையில் கட்டி, செல்லம்மாளை ஏட்டில் நிறுத்திவிட்டுத்தான் திரும்புவது என்று ஒரே பிடிவாதம். மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறும்போதே வாயில் பேச்சைத் தயார் செய்துகொண்டேன். எல்லா வளைவிலும் அதையே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஊர்க்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கிற வெட்டவெளியில். இப்போதைய ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர், ராசேந்திரனுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பிக்கப் வண்டியில் மிளகு ஏற்றிப் போகிறவர். வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டு, எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேர் வாசித்தார்கள். ஒவ்வொருவராக "இருக்கறனுங்க" என்று சொல்லிப் பணம் கட்டினார்கள். என் தம்பி பேர் வந்தது. அடுத்தது என் பேர் வர வேண்டும். வேறு பேரை வாசித்தார்கள். அரைத் தலைக்கட்டுகளைக் கடைசியில் தனியாக வாசிப்பார்கள் என்று காத்திருந்தேன். நாலு பேர். அதிலும் நான் இல்லை.

எழுந்து நின்றேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த பேச்சில் ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை.

"ஏனுங்க, என் பேரு உட்டுப்போச்சுங்களே?"

"உட்டுப்போகலீங்கண்ணா" என்றார் ராசேந்திரன். நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "போன வாரந்தானுங்க பேசி முடிவு பண்ணுனோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு உங்க தம்பி சொல்லாம இருந்திருப்பாரு. அரையும் வேண்டாமுங்க. நீங்க பெரிய மனுசன். நன்கொடையா எவ்வளவு வேணாக் குடுங்க, போர்டுல மேலயே எழுதறோம், லண்டன் அண்ணன்னு."

நான் லண்டனில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. அது கிடக்கட்டும். நன்கொடை என்பது வெளியூர்க்காரன் கொடுப்பது. மிளகு வியாபாரி கொடுப்பான், ஓட்டுக் கேட்டு வருகிறவன் கொடுப்பான். வரி ஊர்க்காரன் கட்டுவது. ஒருவனை ஊரைவிட்டு ஒதுக்க வேண்டுமானால் எங்கள் ஊரில் அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். வரி வாங்க மாட்டார்கள்.

"என்ன தப்புப் பண்ணுனேன், சொல்லுங்க. இருபத்து நாலு வருசத்துல ஒரு தடவை பாக்கி வெச்சிருக்கறனா?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

 தரையில் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞன் எழுந்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"தப்பு ஒண்ணும் இல்லீங்க. தலைக்கட்டுன்னா காசு மட்டுமாங்க? மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சா ஊட்டுக்கு ஒரு ஆள் வரோணும். சாவு விழுந்தா ஊட்டுக்கு ஒரு ஆள் தோள் குடுக்கோணும். உங்க அம்மா இருந்த வரைக்கும் அந்த ஊட்டுல அடுப்பு எரிஞ்சுது, ஊரே பாத்துக்கிச்சு. அவங்க போயி மூணு வருசமா, உங்க ஊட்டு ஆளாவும் உங்க தம்பிதான் வாராரு. தன் ஊட்டுக்கு ஒரு நாள், உங்க ஊட்டுக்கு ஒரு நாள். போன ஐப்பசியில மண்ணு அள்ளி இடுப்புப் புடிச்சு பத்து நாள் படுத்திருந்தாருங்க. அவருக்கும் அறுபது ஆச்சுல்லைங்க."

திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் போனில் பேசியிருக்கிறோம். மழை எப்படி, கிழங்கு எப்படி, பலா எத்தனை காய் என்று எல்லாம் கேட்டேன். இதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பணம் அனுப்பினேன், அவன் உடம்பைக் கொடுத்திருக்கிறான். பாதி வரியைத்தான் நான் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், முழுசும் கட்டியாச்சு என்ற நினைப்பில்.

"உங்க பையன் இங்க வந்து இருப்பாருங்களாண்ணா?" என்று ராசேந்திரன் மெதுவாகக் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே எழுதறோம்."

அம்மன் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். நானாவது வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை. செப்டம்பரில் பள்ளி திறக்கிறது. அந்தப் பிள்ளைகளின் முகம்தான் முன்னால் வந்தது. அந்த இடத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, என் உடம்பு எந்த ஊருக்கு வேலை செய்கிறது என்று. அவர்கள் எடுத்தது சரியான முடிவுதான். சரி என்று தெரிந்ததால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நன்கொடை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் தம்பியிடம், "ஏண்டா சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க வேண்டாம்னு நிறுத்தீருவீங்க. பேரு போயிரும்லைங்கண்ணா" என்றான். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் மேட்டில் ஏறினான்.

6

நோம்பியன்று உச்சி வேளைக்குக் கிடாய் வெட்டினார்கள். வெட்டிய கறியை எங்கள் ஊரில் கூறு போடுவார்கள். வாழையிலைகளை வரிசையாக விரித்து, எல்லா இலையிலும் எலும்பு, சதை, ஈரல் என்று ஒன்றுபோல வைத்துக்கொண்டே வருவார்கள். எத்தனை தலைக்கட்டோ அத்தனை இலை. அரைத் தலைக்கட்டுக்குச் சின்ன இலையில் பாதிக் கூறு. இந்த வருடம் ஐம்பத்திரண்டு. நான் இரண்டு தடவை எண்ணினேன்.

பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து இலையை மடித்து எடுத்துப் போனார்கள். தம்பி தன் கூறை எடுத்தான். கடைசியாக நாலு பாதிக் கூறுகள். காளியக்கா என்கிற அரைத் தலைக்கட்டுக் கிழவி தன் சின்ன இலையை வாங்கும்போது, எலும்பே நிறைய வைத்துவிட்டீர்கள் என்று கூறு போட்டவனைச் சத்தம் போட்டுத் திட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு இன்னொரு துண்டு கொடுத்தார்கள். அவளுக்குத் திட்ட உரிமை இருந்தது. நான் ஒரு மரத்தடியில் கைகட்டி நின்றேன்.

எல்லாம் முடிந்து இலைகள் காலியான பிறகு, ராசேந்திரனே ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணா, உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சோமுங்க. கூறு போடறதுக்கு முன்னாலயே எடுத்துட்டேன். விருந்தாளியை வெறுங்கையோட அனுப்புவோமுங்களா?"

மூடியைத் திறந்தும் காட்டினார். ஈரலும் தொடைக்கறியுமாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருந்தார்கள். எலும்பு ஒன்றுகூட இல்லை. ஒரு முழுக் கூறைவிட அதிகமாகவே இருக்கும்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். ஊருக்கு வரும்போது பாதி வேண்டாம், முழுசுதான் வேண்டும் என்று சண்டை பிடிக்க வந்தவன் நான். அந்தக் கனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, சின்ன இலையில் எலும்பும் சதையுமாகப் பாதிக் கூறு கொடுத்திருந்தால் போதும் என்று இருந்தது.